புது வீட்டுச் சமையலறை: எந்தச் சாதனத்தில் அழகு பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது?

கிழக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் தச்சர் வந்து சமையலறை அலமாரிகளுக்கு அளவெடுக்கப் போகிறார் என்பதால், அடுப்பு, சிம்னி, மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை அதற்குள் முடிவு செய்து அவரிடம் அளவு சொல்லியாக வேண்டும்.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள், சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று கைபேசியில் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவற்றில் எல்லாமே பளபளப்பில்லாத கறுப்பு. அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது. கண்ணாடித் தளம் போட்ட நான்கு பர்னர் அடுப்பு, அதற்கு மேலே வளைந்த கண்ணாடியில் தொட்டால் இயங்கும் சிம்னி, நீல விளக்கு எரியும் மிக்சி, இவற்றுக்கு நடுவில் தோள் வளைந்த பழைய பாணியில் வெளிர்பச்சை ஃபிரிட்ஜ். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுபக்கம் என் மாமியாரின் சூடாறாப்பெட்டி, அதாவது கொதித்த பானையின் சூடு வெளியேறாமல் காக்கும் பெட்டி, இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் வாங்கியது. சிவப்பு நிறம், மூடியில் அச்சடித்த பூக்கள் பாதி உதிர்ந்துவிட்டன. மட்டை அரிசியைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு அதற்குள் பானையை இறக்கி மூடினால், ஒன்றரை மணி நேரத்தில் சோறு பதமாக வெந்திருக்கும். அதைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறாள் மகள். பெட்டி எந்த அறைக்குப் போகிறதோ அந்த அறையிலேயே தானும் சோறு ஆக்கிக்கொள்வதாக மாமியார் சொல்லிவிட்டார்.

எங்களிடம் உள்ள பணம் 1,75,000 ரூபாய். வடிவழகுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எந்தப் பொருளில் நாள்தோறும் கைக்கு உதவுகிறது, எந்தப் பொருளில் கடையின் விளக்கு வெளிச்சத்தோடு தீர்ந்துபோகிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். மூன்று செய்திகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவது சப்பைத் தண்ணீர், அதாவது உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது, ஆடிக் காற்று நேராக உள்ளே வரும். பொருள்களைப் பொள்ளாச்சியில் வாங்குவதாக எண்ணியிருக்கிறோம்.

அரவைக்கல் எழுதியது:

அம்மணி, பொள்ளாச்சியில் 31 ஆண்டுகள் மிக்சியும் கிரைண்டரும் பழுது பார்த்துவிட்டு இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு பொருள்கள்தான். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடையில் மிக்சியை நேராக வைத்து முகத்தைப் பார்ப்பவர்களே அதிகம். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். மோட்டார் மூச்சு விடும் இடம் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. காற்றுத் துளைகள் எவ்வளவு இருக்கின்றன, ரப்பர் பாதங்கள் மேசையிலிருந்து ஒரு விரல் அளவாவது உடலைத் தூக்கி நிறுத்துகின்றனவா, மிகைச்சுமையில் தானாக நின்றுவிட்டால் மறுபடி அழுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். ஒல்லியாகவும் தாழ்வாகவும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாதத்தைக் குறைத்த மிக்சிகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி உள்ளே இழுத்து, சுருள் கருகி, அந்த வாடையோடு வரும். நீல விளக்கு மட்டும் கடைசி வரை நன்றாக எரியும்.

அடுத்ததாக ஜாரை எடுத்துவிட்டு, அது உட்காரும் குழியைப் பாருங்கள். பிளேடைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் ஜாரின் அடியிலிருந்து தண்ணீர் கசிவது எந்த மிக்சியிலும் சில ஆண்டுகளில் நடப்பதுதான். அப்படிக் கசிந்த தண்ணீர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரைச் சுற்றி நின்று மோட்டாருக்குள் இறங்குகிறதா, அல்லது வெளியே வழிந்தோட ஒரு துளை வைத்திருக்கிறார்களா என்பதைப் பார்த்தால், வடிவமைத்தவர் சமையலறைக்குள் நின்றிருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். சுழற்றும் குமிழும் அப்படித்தான். கண்ணாடி போல வழுவழுப்பான வட்டக் குமிழ் படத்தில் நன்றாக இருக்கும். தேங்காய் அரைத்த ஈரக் கையால் அதைத் திருப்பிப் பார்த்தால் வழுக்கும். நடுவில் மேடு வைத்த பழைய குமிழ் வழுக்காது.

நம் ஊர் மிக்சி ஏன் இந்த உருவத்துக்கு வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசி ஜெர்மனியில் செய்த மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தபோது அதன் மோட்டார் கருகிவிட்டது. உளுந்தும் காய்ந்த மிளகாயும் அரைப்பதற்கென்று செய்த பொருள் அல்ல அது. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் பொறியாளர் என்பதால், அதைவிட வலுவான மோட்டாரோடு தாமே ஒன்றைச் செய்தார். 1963-இல் வந்த சுமீத் மிக்சி அதுதான். கனமான உடல், எவர்சில்வர் ஜார், அழுத்திப் பிடிக்கும் மூடி என்று இன்று நாம் மிக்சி என்று சொன்னதும் மனத்தில் எழும் உருவம் முழுவதும், கருகிப்போன ஒரு மோட்டாரிலிருந்து பிறந்தது.

கிரைண்டருக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் முதன்முதலில் செய்தது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மேசைமேல் வைக்கும் 2 லிட்டர் கிரைண்டர் உங்கள் குடும்பத்துக்குப் போதும். வாங்கும்போது டிரம்முக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். மாவு தெறித்துக் காயும் இடம் அது. உடலில் அலங்காரத்துக்காக வரிவரியாகப் பள்ளம் போட்டிருந்தால் அத்தனை வரியிலும் மாவு காயும். பல் துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு வாரந்தோறும் உட்கார வேண்டியிருக்கும். இன்னொன்று, கிரைண்டரை அலமாரிக்குள் ஒளித்துவைக்கச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுக்காதீர்கள். அந்தக் கனத்தை எடுத்தெடுத்து வைக்க வேண்டியிருந்தால் மூன்றாவது மாதமே கடை மாவு வாங்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கோடும்வளைவும் எழுதியது:

அக்கா, நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன். பெங்களூரில் வீட்டுச் சாதனங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் பேச்சில் அழகு ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் நிற்பது போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் பெரியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

1935-இல் அமெரிக்காவில் ரேமண்ட் லோவி, சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கோல்ட்ஸ்பாட் என்ற ஃபிரிட்ஜுக்குப் புது உருவம் கொடுத்தார். மழுங்கிய மூலைகளும் ஒரே வெண்மையும் கொண்ட அந்த உருவம் பெரிய விற்பனையைக் கொண்டுவந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் செய்த வேறு இரண்டு வேலைகள் எனக்கு அதைவிடப் பிடிக்கும். துருப்பிடிக்கும் கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு அலுமினியத் தட்டுகளை வைத்தார்; இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தாலும் இலேசாக இடித்தால் திறக்கும் தாழ்ப்பாளை வைத்தார். உங்கள் மகள் காட்டும் கைப்பிடி இல்லாத அலமாரிகளை இந்தத் தாழ்ப்பாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவுக் கையோடு விளிம்பில் விரலை நுழைத்து இழுக்க வேண்டும். ஒரு மாதத்தில் அந்த விளிம்பு முழுவதும் விரல் தடம். கைப்பிடியை நீக்குவதால் படம்தான் சுத்தமாகிறது.

ஜெர்மனியின் பிரான் நிறுவனத்தில் 1955-இல் சேர்ந்த டீட்டர் ராம்ஸ், நல்ல வடிவமைப்புக்குப் பத்து இலக்கணங்கள் சொன்னார். அவற்றில் கடைசியானது, வடிவமைப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது. இன்று இணையத்தில் காணும் கறுப்புச் சமையலறைகள் தங்களை இந்த மரபின் வாரிசாகக் காட்டிக்கொள்கின்றன. அவர் குறைக்கச் சொன்னது தேவையற்றதை. இவர்கள் குறைப்பது பொத்தான்களை. பொத்தானுக்குப் பதிலாகத் தொடுதிரை வைத்தால், அது விரல் அருகில் வரும்போது நேரும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. கண்ணாடிமேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் விரல் எது, தண்ணீர் எது என்று அதற்குக் குழப்பம் வரும். உலகத்திலேயே விரல் எப்போதும் ஈரமாக இருக்கும் அறையில் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். சிம்னியிலோ இண்டக்ஷன் அடுப்பிலோ அழுத்தினால் அமுங்கும் பொத்தான் கிடைக்கிறது என்றால் அதையே எடுங்கள்.

அழகுக்காகவே செய்த பொருள்களும் உண்டு, அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 1990-இல் வெளிவந்த எலுமிச்சை பிழியும் கருவி, மூன்று நீண்ட கால்களில் நிற்கும் கணவாய் மீன் போல இருக்கும். அதில் பொன்முலாம் பூசிய ஒரு பதிப்பும் வந்தது. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் பட்டால் பொன்முலாம் கெட்டுவிடும் என்பதால் அதில் எலுமிச்சை பிழியக் கூடாது! அதே நிறுவனத்துக்காக மைக்கேல் கிரேவ்ஸ் 1985-இல் செய்த கெண்டி வேறு வகை. மூக்கில் சிவப்புக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கொதித்தால் அது சீழ்க்கை அடிக்கும். சிரிப்பு மூட்டும் பொருள்தான், ஆனால் தண்ணீர் கொதித்ததைத் தவறாமல் சொல்லிவிடும்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியை எப்படித் தொடங்கலாம் என்று அறிய நம் அரசு அழைத்ததன் பேரில் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இங்கே பயணம் செய்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் சுற்றிப் பார்த்த அவர்கள், தாங்கள் கண்ட பொருள்களில் மிக உயர்ந்ததாக எடுத்துச் சொன்னது சாதாரணச் சொம்பைத்தான். தலையில் சுமக்கிறோமா இடுப்பிலா கையிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிற்கிறது, வாய்வழியே கைவிட்டுக் கழுவ முடிகிறதா, எதன்மேலாவது இடித்தால் எப்படி ஒலிக்கிறது, வெயிலில் எப்படித் தெரிகிறது என்று அந்தச் சிறு பாத்திரத்துக்குள் அடங்கிய கேள்விகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். தனி ஒருவர் வடிவமைத்தது அல்ல, தலைமுறை தலைமுறையாகக் கைகள் திருத்தியது என்பதுதான் அவர்கள் வியந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் மாமியாரின் சூடாறாப்பெட்டிக்கு வருகிறேன். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் விறகையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்துவதற்காக வீடு வீடாகக் கொண்டுசேர்த்த பொருள் அது. நம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில் உள்ள அவர்களுடைய தொழில்நுட்ப மையத்துக்கு நான் மாணவனாக ஒருமுறை போயிருக்கிறேன். மட்டை அரிசியின் தவிடு முழுதாக நீங்காததால் அது வேக நேரமாகும். நீண்ட நேரம் சூடு வேண்டுமே தவிர, நீண்ட நேரம் தீ வேண்டியதில்லை என்ற ஒரே உண்மையை அந்தப் பெட்டி பிடித்துக்கொண்டது. மின்சாரம் இல்லை, ஓடும் பாகம் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. ராம்ஸின் இலக்கணத்தை உங்கள் பழைய வீட்டில் நிறைவேற்றிய பொருள் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். மூடியில் பூ அச்சடித்தவரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்லேப்பிள்ளி எழுதியது:

சகோதரி, கண்ணாடி அடுப்பைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. எங்கள் வீட்டிலும் சமையலறை மேற்கு பார்த்ததுதான். மூன்று ஆண்டுக்கு முன் ஆடி மாதத்தில் ஒருநாள், பால்பாயசத்துக்காகப் பெரிய உருளியை அடுப்பில் ஏற்றி இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைத்திருந்தேன். இறக்கிவிட்டு, வழிந்த பாலைத் துடைக்க ஈரத் துணியைப் போட்டேன். ஒரு வெடிச் சத்தம். அடுப்பின் தளம் முழுவதும் கல்லுப்பு போலப் பொடிப்பொடியாகச் சமையல் மேடையிலும் தரையிலும் கிடந்தது. நல்லவேளையாக யார் மேலும் படவில்லை. பாயசத்தை அப்படியே கொட்டினோம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றை வீசிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகி நிற்க, உட்புறம் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். மேலே ஓங்கித் தட்டினாலும் தாங்கும். ஆனால் விளிம்பில் ஓர் அடி பட்டாலோ, கவனிக்காத சிறு கீறல் ஆழமானாலோ, அந்த இழுவிசை மொத்தமாக விடுபட்டுத் தளம் முழுவதும் ஒரே நொடியில் நொறுங்கும். அகன்ற பாத்திரத்தின் அடியிலிருந்து திரும்பி வரும் சூடு கண்ணாடியின் ஒரு பகுதியை மட்டும் காய்ச்சுவதும் அதற்கு உதவி செய்யும். எனவே உருளி, பெரிய வாணலி, இடியாப்பக் கொப்பரை புழங்கும் வீட்டில் எவர்சில்வர் தளம்தான் நல்லது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் பர்னர்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருப்பதையும், பாத்திரம் தாங்கும் கம்பி உயரமாக இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். ஆறிய பிறகு மட்டுமே ஈரத் துணி.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை வீசும் மேல்காற்று சிறு தீயை அணைத்துவிடும். எரிவாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். தீ அணைந்தால் தானாக வாயுவை நிறுத்தும் அமைப்பு உள்ள அடுப்புகள் இருக்கின்றன. பர்னர் பக்கத்தில் ஒரு சிறு உலோக முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடாக இருக்கும்வரை உள்ளே வால்வு திறந்திருக்கும், ஆறிவிட்டால் மூடிக்கொள்ளும். நீங்கள் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய இடம் அந்த முனைதான். வளைந்த கண்ணாடிச் சிம்னிக்கும் அந்தக் காற்று ஒத்துவராது. ஜன்னலைத் திறந்தால் புகை சிம்னிக்குப் போகாமல் கூடத்துக்குப் போகும். கடுகு தாளிக்கும் எண்ணெய் அந்தக் கண்ணாடியில் படிய, அதன்மேல் காற்றின் புழுதி ஒட்ட, பத்து நாளைக்கு ஒருமுறை ஏணி போட்டுத் துடைக்கிறேன்.

இறுதியாக ஒரு மனக்குறை. எங்கள் அடுப்புக்கு ரசீது பொள்ளாச்சிக் கடையுடையது. புகார் செய்தபோது நிறுவனத்தார் அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டுப் பாலக்காட்டுப் பணியாளரை அனுப்பினார்கள். அவர் வந்து, விற்ற கடை வேறு மாநிலம் என்பதால் மாற்றுக் கண்ணாடி அங்கிருந்துதான் வர வேண்டும் என்றார். கடைக்காரரோ, வீடு கேரளத்தில் இருக்கிறது என்றார். கவனக்குறைவாகப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்ற பதில் ஏழு வாரம் கழித்து வந்தது. எங்கே வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, பழுது பார்க்க யார் வருவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாத்திரக்கடை எழுதியது:

கேட்டது சாதனங்களைப் பற்றி. ஆனால் 1,75,000 ரூபாயில் பாத்திரத்துக்கும் ஒரு பங்கு போகும் என்பதால் ஒரு வார்த்தை. எவர்சில்வரில் நல்லது 304 என்பார்கள். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202-உம் கடையில் அதே பளபளப்போடு இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. உப்புத் தண்ணீர் உள்ள உங்கள் ஊரில் ஓராண்டு கழித்துப் புளித்தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் தோன்றும் ஊசிப் புள்ளிகள் பிரித்துக் காட்டும். அடியில் 304 என்று முத்திரை இருப்பதை வாங்குங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கு மட்டும் காந்தம் ஒட்டும் அடி வேண்டும்.

உருளி இருந்தால் விற்றுவிடாதீர்கள். கேரளத்தின் மன்னாரிலும் நடவரம்பிலும் வார்க்கும் வெண்கலத்துக்கு ஈயம் பூச வேண்டியதில்லை, பித்தளைக்குத்தான் வேண்டும். புது வீட்டில் மேடைமேல் வெளியே வைக்கத் தகுந்த அழகு ஒன்று வேண்டுமென்றால், துலக்கிய உருளியை விட வேறு என்ன வேண்டும் என்று பாத்திரம் விற்கிற எனக்கே தெரியவில்லை. பெயர் வெட்டித் தரச் சொல்லி வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அடுக்குச் சட்டியின் கழுத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டிய பெயர், கல்யாண வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பி வருவதற்குரிய ஏற்பாடு.

பச்சைத்தோள் எழுதியது:

எல்லோரும் கழுவுவதையும் துடைப்பதையும் வைத்தே அழகை அளக்கிறீர்கள். நான் அதற்கு எதிராகச் சொல்ல வந்திருக்கிறேன்.

உங்கள் மகள் கேட்கும் அந்த வளைந்த தோள் ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1950-களின் பாணியை இத்தாலியின் ஸ்மெக் நிறுவனம் 1997-இல் மீண்டும் கொண்டுவந்ததிலிருந்து அதே சாயலில் பலர் செய்கிறார்கள்; என்னுடையது விலை குறைந்த ஒன்று. குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். கதவு வளைந்திருப்பதால் உள்பக்கம் பாட்டில் தட்டு குறுகலாக இருக்கிறது; அதே பணத்துக்கு நேர்க்கதவு ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தால் இன்னும் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு நாளில் ஐந்து மணி நேரம் நான் நிற்கும் அறை அது. காலையில் விளக்கைப் போட்டதும் அந்தப் பச்சையைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது, நான்கு ஆண்டாகியும் பிடிக்கிறது. ஆண்கள் வண்டியின் நிறத்துக்காக மூன்று மாதம் காத்திருக்கும்போது யாரும் பயனைப் பற்றிக் கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் மூலையில் நிற்கும் பொருள். எண்ணெய் தெறிக்காது, தீ படாது, கையால் தூக்க வேண்டியதில்லை. ஆசைப்படும் அழகுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் கொடுக்க வேண்டுமென்றால் அதுவே பாதுகாப்பான இடம்.

பளபளப்பில்லாத கறுப்பை மட்டும் நானும் தடுப்பேன். என் அக்கா வீட்டில் கறுப்பு சிங்க் போட்டிருக்கிறார்கள். சப்பைத் தண்ணீர் ஒவ்வொரு முறை காயும்போதும் வெள்ளை வட்டங்களாகச் சுண்ணாம்பு படிகிறது. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போகிறது, மறுநாள் மறுபடி வருகிறது.

கிழக்குவாசல் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் என் மகளிடம் படித்துக் காட்டினேன். ஃபிரிட்ஜ் பற்றிய பதிலை மட்டும் தன் தோழிகளுக்கு அனுப்பிவைத்தாள்.

இதுவரை முடிவானவை இவை. அடுப்பு எவர்சில்வர் தளம், மூன்று பர்னர், தீ அணைந்தால் வாயு நிற்கும் அமைப்போடு. நான்காவது பர்னரின் இடத்தை விட்டுவிட்டால் உருளிக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. சிம்னி நேரான எவர்சில்வர் உடல், அமுங்கும் பொத்தான். ஜன்னலை அடுப்புக்கு நேரே வைத்திருந்தோம். கட்டட மேஸ்திரியிடம் கேட்டு அடுப்பு மேடையையே வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டோம். நல்லேப்பிள்ளிச் சகோதரி சொல்லாமல் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. அலமாரிகளுக்குக் கைப்பிடி உண்டு. சிங்க் எவர்சில்வர். ஃபிரிட்ஜ் வெளிர்பச்சை, வளைந்த தோள். அதைப் பற்றி இனி வீட்டில் பேச்சில்லை.

அரவைக்கல் ஐயா, நேற்றுப் பொள்ளாச்சிக் கடையில் ஆறு மிக்சிகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். முதல் இரண்டைக் கவிழ்த்தபோது கடைப்பையன் பதறினான். மூன்றாவதை அவனே கவிழ்த்துக் காட்டினான். நீல விளக்கு எரிந்த மிக்சியின் பாதம் அரை விரல் உயரம்கூட இல்லை. தண்ணீர் வழியும் துளை மூன்றில்தான் இருந்தது. அவற்றுள் மேடு வைத்த குமிழோடு இருந்த ஒன்றை, பழுது பார்க்கப் பாலக்காட்டிலிருந்து ஆள் வருவார் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தோம். கிரைண்டருக்கு மேடையின் கோடியில் பிளக்கோடு நிரந்தர இடம் ஒதுக்கியாகிவிட்டது.

சூடாறாப்பெட்டியை என்ன செய்வது என்பதுதான் கடைசி வரை இழுத்தது. கோடும்வளைவும் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, பெட்டி வெளியேதான் இருக்கும், ஆனால் அந்தப் பூக்கள் போக வேண்டும் என்றாள் மகள். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூ எப்படியும் பாதி உதிர்ந்ததுதானே என்றார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இருவருமாகத் தேய்த்து மீதியையும் எடுத்துவிட்டார்கள்; வெறும் சிவப்பாக இருக்கும்போது அது அவ்வளவு மோசமாக இல்லை. தச்சருக்குக் கொடுக்க வேண்டிய அளவை மகளே எடுத்தாள். பெட்டியின் உயரம் 17 அங்குலம். மேல் அலமாரி தாழ்ந்துவிட்டால் பாட்டியால் பானையை நேராகத் தூக்கி எடுக்க முடியாது, அதனால் மேலே இன்னும் 14 அங்குலம் விட வேண்டும் என்று அளவுச் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்.